வலிக்காதபோது உட்காரலாமா?

காலை ஆறே முக்கால் மணி. ஓர் அடுப்பில் சாம்பார், இன்னோர் அடுப்பில் சோறு. கைப்பேசியில் வைத்திருந்த அலாரம் அடித்தது. சமையலறை ஓரத்தில் புதிதாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் உட்காருதல். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். மதுரையில் நான் பார்த்துவந்த உளவியலாளர் கொடுத்த வீட்டுப்பாடம் அது. அன்று மூன்றாவது நாள்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அத்தை திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, இடுப்பு வலிக்குதா?"

"ஆமா அத்தை" என்றேன்.

பொய். அன்று காலை எனக்கு வலிக்கவில்லை. ஆறு ஆண்டுகளில் அப்படிப்பட்ட காலைகள் அபூர்வம். ஆனாலும் 'வலிக்கல, சும்மா உட்கார்ந்திருக்கேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தை கொடுமைக்காரர் இல்லை, அக்கறையோடுதான் கேட்டார். நானும் பயந்தவள் இல்லை. இருபது ஆண்டுகளாகப் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறேன், சம்பாதிக்கிறேன், கூட்டங்களில் பெண்ணுரிமை பற்றிப் பேசியும் இருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஐந்து நிமிடம் ஸ்டூலில் உட்காருவதற்கு ஏன் ஒரு வலியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது? அந்தப் பொய்யை நான் நெடுநாள் யோசித்தேன். முதுகுவலிக்கு உளவியல் சிகிச்சை என்பது சரியா தவறா என்று அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியையே அது மாற்றிவிட்டது.

முதலில் அந்தப் பழைய கேள்வியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் பலருக்கும் அது இருக்கும்.

என் வலி இடுப்புக்குச் சற்று மேலே தொடங்கியது. திண்டுக்கல்லில் இரண்டு மருத்துவர்கள், மதுரையில் ஒருவர். ஊசி, பெல்ட், தைலம், பிசியோதெரபி. கடைசியில் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த ஒருவர் சொன்னார்: "ஒரு டிஸ்க் லேசா பிதுங்கியிருக்கு. இந்த வயசுக்கு அது சகஜம். பெரிசா ஒண்ணுமில்ல. மனசுதான். டென்ஷன் எடுத்துக்காதீங்க." பக்கத்தில் நின்ற என் கணவரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. ஒண்ணுமில்லை என்றால், இரவு புரண்டு படுக்க முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தது யார்?

பெண்ணின் வலியை 'மனசுதான்' என்று சொல்லி அனுப்புவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. ஹிஸ்டீரியா என்ற சொல் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெண்ணுக்கு விளக்க முடியாத எது நேர்ந்தாலும் அந்தப் பெயரை ஒட்டிவிட முடிந்தது. 2001-ல் டயான் ஹாஃப்மன், அனிடா டார்ஸியன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பெண்கள் வலி என்று சொல்லும்போது அது உணர்ச்சிவசப்பட்ட பேச்சாக எடுத்துக்கொள்ளப்படுவதும், அவர்களுக்குக் குறைவான சிகிச்சை கிடைப்பதும் அதிகம் என்று எழுதினார்கள். எலெய்ன் ஸ்கேரி 1985-ல் வெளிவந்த தன் நூலில் இதன் வேரைத் தொடுகிறார். வலி, அதை அனுபவிப்பவருக்குச் சந்தேகமே இல்லாத உண்மை. கேட்பவருக்கோ சந்தேகப்படுவதற்கு அதைவிட எளிதான பொருள் இல்லை. அந்தச் சந்தேகத்தைத் தாண்ட, சொல்பவரின் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும். யாருடைய சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை மருத்துவமனைக்கு வெளியே உலகம் முன்பே முடிவு செய்துவிடுகிறது.

ஆகவே உளவியலாளரிடம் போ என்று தோழி ஒருத்தி சொன்னபோது நான் மறுத்தேன். அங்கே போனால் அந்த மருத்துவர் சொன்னதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தேன். இந்த மறுப்பு நியாயமானது என்றே இன்றும் சொல்வேன். ஆனால் அது பாதி உண்மையின் மேல் நின்றது.

மீதிப் பாதியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1965-ல் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளரும் பேட்ரிக் வால் என்ற நரம்பியல் அறிஞரும் சேர்ந்து ஒரு கருத்தை முன்வைத்தார்கள். உடலிலிருந்து வரும் வலிச் செய்தி நேராக மூளைக்குப் போய்விடுவதில்லை. தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற ஏற்பாடு இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் அந்தக் கதவைத் திறக்கவோ சாத்தவோ செய்யும் என்றார்கள். விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும் அடிப்படை நின்றுவிட்டது. பயம், தூக்கமின்மை, கவனம், தனிமை எல்லாமே வலியின் அளவைக் கூட்டும் குறைக்கும். அது எல்லோருடைய வலிக்கும் பொருந்தும். கால்பந்து ஆடுபவரின் காயத்துக்கும், பிரசவத்துக்கும், என் இடுப்புக்கும்.

அதேபோல, வலியே இல்லாதவர்களின் முதுகைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2015-ல் வெளியிட்டார்கள். இருபது வயதில் இருப்பவர்களில் 37 சதவீதத்தினருக்கும், எண்பது வயதில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. யாருக்கும் வலி இல்லை. ஆகவே படத்தில் தெரிவது வலிக்குச் சான்று இல்லை. படத்தில் தெரியாதது வலி இல்லை என்பதற்கும் சான்று இல்லை. என் மருத்துவர் முதல் பாதியைச் சரியாகச் சொன்னார். இரண்டாவது பாதியை விட்டுவிட்டார்.

உலக வலி ஆய்வுச் சங்கம் வலிக்கு 1979-ல் தந்த வரையறையை 2020-ல் திருத்தியது. அதில் வலி என்பது உடலுணர்வும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. கூடவே, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்றால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கிறது. வலியில் மனதுக்குப் பங்கு உண்டு என்பதும், வலிக்கிறது என்றால் வலிக்கிறதுதான் என்பதும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. 'மனசுதான்' என்ற சொல்லில் இருந்த 'தான்' என்னை வெளியே தள்ளியது. 'மனசும்' என்று சொல்லியிருந்தால் உள்ளே உட்காரவைத்துப் பேசியிருக்கலாம்.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஒரு வீட்டில் திருடன் வந்து போகிறான். காவலுக்கு இருக்கும் நாய் குரைக்கிறது. அதன் பிறகு பல மாதங்களுக்கு, இலை விழுந்தாலும் நாய் குரைக்கிறது. குரைப்பு பொய்யில்லை, வீட்டில் யாரும் தூங்க முடியாது. ஆனால் இப்போது திருடனைத் தேடிப் பயனில்லை. நாயைத்தான் பழக்க வேண்டும். நாட்பட்ட முதுகுவலியில் பெரும்பகுதி இப்படிப்பட்டது. எல்லாமே இல்லை. கால் மரத்துப்போவது, சிறுநீர் அடங்காமல் போவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்து அடிபட்டபின் வரும் வலி ஆகியவற்றுக்கு முதலில் திருடனைத்தான் தேட வேண்டும். உளவியல் அதற்குப் பின்னால்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் உளவியல் சிகிச்சைகளும் இருக்கின்றன. 2020-ல் உலகில் சுமார் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக மதிப்பீடு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சிகிச்சைகளில் மூன்று வகை பரவலானவை. வலியைப் பற்றிய எண்ணங்களையும் அதனால் நாம் செய்வதையும் தவிர்ப்பதையும் ஆராய்ந்து மாற்றும் சி.பி.டி. ஒன்று. 1979-ல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி இன்னொன்று. ஸ்டீவன் ஹேய்ஸ் வளர்த்தெடுத்த ஏற்பும் உறுதிப்பாடும் என்ற முறை மூன்றாவது. இவை அற்புதங்கள் இல்லை. அமெரிக்காவின் சியாட்டிலில் 342 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் அன்றாடச் செயல்பாட்டில் சொல்லத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் மைண்ட்ஃபுல்னெஸ் குழுவில் 60.5 சதவீதம், சி.பி.டி. குழுவில் 57.7 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 44.1 சதவீதம். வித்தியாசம் உண்டு; எல்லோருக்கும் கிடைக்கும் வித்தியாசம் இல்லை.

இவ்வளவையும் படித்தபின்தான் போனேன். அந்த உளவியலாளர் என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர். முதல் வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னார். மணி, என்ன செய்தேன், வலி பத்துக்கு எவ்வளவு, என்ன நினைத்தேன், பிறகு என்ன செய்தேன். கணக்கு டீச்சர் அல்லவா, கோடு போட்டு ஒழுங்காக எழுதினேன். என் எண்ணங்களில் உள்ள குறைகளைக் கண்டுபிடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் ஒரே ஒரு பத்தியை மட்டும் விரலால் தடவிக்கொண்டு போனார்.

"உட்கார்ந்தேன், படுத்தேன்னு எழுதியிருக்கிற இடமெல்லாம் பாருங்க மேடம். வலி என்ன போட்டிருக்கீங்க?"

ஏழு. எட்டு. ஏழு. ஏழரை. எட்டு. ஒரு வாரத்தில் ஒருமுறைகூட, ஏழுக்குக் கீழே இருந்தபோது நான் வீட்டில் உட்காரவில்லை.

வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1976-ல் எழுதிய நூல் இந்தத் துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. ஒருவர் வலிக்கும்போது மட்டும் ஓய்வெடுத்தால், ஓய்வு என்பது வலிக்குக் கிடைக்கும் பரிசாகிவிடும். உடல் அதைக் கற்றுக்கொள்ளும் என்றார் அவர். ஆகவே வலியைப் பார்த்து ஓய்வெடுக்காதே, கடிகாரத்தைப் பார்த்து ஓய்வெடு என்பது அந்த வழியில் வந்த பாடம். நோயாளி முனகும்போதெல்லாம் வாழ்க்கைத்துணை ஓடிவந்து கவனிப்பதும் வலியை வளர்க்கும் என்று அந்த மரபில் நிறைய எழுதியிருக்கிறார்கள். முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீடுகளில் எந்த மனைவி முனகினால் யார் ஓடிவருகிறார்கள்? பிறகு சிரிப்பு நின்றது. ஓடிவராத வீட்டிலும் அந்தப் பாடம் நடக்கத்தான் செய்கிறது. 'இடுப்பு வலிக்குது' என்று சொன்னால்தான் என் கணவர் பாத்திரம் கழுவுகிறார். சொல்லாவிட்டால் கழுவுவதில்லை. அவர் அன்பானவர், வலிக்கும் மனைவிக்கு உதவுபவர். வலிக்காத மனைவியோடு வேலையைப் பகிர்ந்துகொள்வது என்பது அவர் யோசிக்காத ஒன்று. நானும் கேட்காத ஒன்று.

என் அம்மாவை நினைத்துப் பார்த்தேன். அவர் பகலில் படுத்து நான் பார்த்தது மூன்று காரணங்களுக்காக மட்டுமே: காய்ச்சல், பிள்ளைப்பேறு, மாதத்தில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் தீட்டு என்று கொல்லைப்புறத்து அறையில் தனித்தட்டோடு ஒதுக்கிவைத்தார்கள். அந்த அவமானத்தைப் பற்றிக் கேட்டபோது அம்மா சொன்னது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது: "அந்த மூணு நாள்தான்டி நான் உட்கார்ந்து சாப்பிட்டது." ஓய்வு வேண்டுமென்றால் நோயாளியாக வேண்டும் அல்லது அசுத்தமாக வேண்டும். வேறு வாசல் கிடையாது. இந்த வாசல்கள் வழியாகவே வெளியே வந்துபோன பெண்களின் பேத்திகள் நாம். நம்முடைய உடல் வேறு எந்த மொழியில் ஓய்வு கேட்கும்?

நான் பொய் சொன்னதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். வலி எனக்கு ஒரு விடுப்பு விண்ணப்பமாக இருந்தது. இப்படிச் சொல்வதால் வலியை நான் கண்டுபிடித்தேன் என்று ஆகாது. விண்ணப்பத்தை ஏற்க வேண்டிய அதிகாரி வீட்டுக்கு வெளியிலும் இருந்தார், எனக்கு உள்ளேயும் இருந்தார் என்றுதான் ஆகும்.

இப்போது 'ஏற்பு' என்ற சொல்லுக்கு வருகிறேன். நான்காவது சந்திப்பில் அவர் "வலியை எதிர்த்துப் போராடறதுலயே நம்ம சக்தி பூரா போயிடுது. அதை ஏத்துக்கிட்டு வாழப் பழகலாம்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைச் சொல்ல எங்க அம்மா போதும் மேடம். எண்ணூறு ரூபா எதுக்கு?" என்றேன். பிறந்ததிலிருந்து பெண்ணுக்குச் சொல்லப்படுவது அதுதானே? பொறுத்துக்கோ. பொறுத்தார் பூமி ஆள்வார் என்றார்கள். பொறுத்தது நாங்கள், ஆண்டது வேறு யாரோ. பெண்ணியம் எங்களுக்குக் கற்றுத்தந்ததே பொறுக்காதே என்பதைத்தான். அதை விட்டுவிட்டு மேலைநாட்டு முத்திரை குத்திய பொறுமையை நான் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். "உங்க அம்மா பொறுத்துக்கச் சொன்ன பிறகு, என்ன செய்யச் சொல்வாங்க?"

"வேலையைப் பார்க்கச் சொல்வாங்க."

"யாரோட வேலையை?"

நான் பேசவில்லை. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் எதற்காக வாழ விரும்புகிறீர்கள் என்பதை எழுதி வாருங்கள் என்றார். எழுதினேன். மகளின் படிப்பு, மாமனாரின் மருந்து, பத்தாம் வகுப்பின் தேர்ச்சி விகிதம். எல்லாம் நல்ல விஷயங்கள்தான். "இதுல உங்களுக்குன்னு எது?" என்றார். விடை கிடைக்க இரண்டு வாரம் ஆனது. திண்டுக்கல் மலைக்கோட்டையில் ஏறி ஏழு வருடம் ஆகிறது. கல்லூரிக் காலத்தில் தோழிகளோடு அடிக்கடி ஏறுவேன். மேலே காற்று நன்றாக இருக்கும். அவ்வளவுதான் என் ஆசை. சொல்லவே வெட்கமாக இருந்தது.

பொறுமைக்கும் ஏற்புக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அங்கேதான் பிடிபட்டது. பொறுமையில் வலியை மறைக்க வேண்டும். ஏற்பில் முதலில் அதைச் சொல்ல வேண்டும். பொறுமையின் பலன் பிறருக்குப் போகிறது; ஏற்பில் 'இது எனக்கு எதற்கு' என்ற கேள்வி கூடவே வருகிறது. ஏற்கச் சொல்வது ஓர் உணர்வை. அந்த உணர்வு எப்படி உண்டானது, யாருடைய வேலை யாருடைய முதுகில் ஏறியது என்ற ஏற்பாட்டை ஏற்கச் சொல்லவில்லை. இடுப்பில் நான்கு என்ற அளவில் இருக்கும் வலியோடு சண்டை போடுவதை நான் நிறுத்தலாம். அப்படி மிச்சமாகும் சக்தியில் யாரோடு சண்டை போடுவது என்பது என் விருப்பம். ஏற்பு என்ற பெயரில் ஒரு பெண்ணிடம் அவள் வாயை மூடவைக்கும் எதுவும் பழைய பொறுமைதான், அதைச் சொல்பவர் பட்டம் பெற்றவராக இருந்தாலும்.

ஆனால் சிகிச்சைகளுமே இதில் தெளிவாக இருக்கின்றனவா என்று கேட்டால், எப்போதும் இல்லை. முதுகுவலி ஆய்வுகளில் உலகம் முழுக்கப் பயன்படும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. 1983-ல் இங்கிலாந்தின் ரோலண்ட், மோரிஸ் என்ற இருவர் உருவாக்கியது. 24 வாக்கியங்கள், உங்களுக்குப் பொருந்துவதை டிக் செய்ய வேண்டும். டிக் கூடினால் இயலாமை கூடுதல். முன்னே சொன்ன சியாட்டில் ஆய்வில் பயன்பட்டதும் இதன் ஒரு வடிவம்தான். அதில் ஒரு வாக்கியம், முதுகு காரணமாக வீட்டில் வழக்கமாகச் செய்யும் வேலைகளைச் செய்வதில்லை என்பது. இன்னொன்று, முதுகு காரணமாகப் பிறரிடம் வேலை சொல்லிச் செய்துகொள்ள முயல்கிறேன் என்பது.

என் வீட்டை அந்தத் தாளில் வைத்துப் பாருங்கள். இந்தியாவில் 2019-ல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். நான் 'வழக்கமாகச் செய்யும்' வேலை என்பதே இந்த 299-தான். சிகிச்சை முடிந்து நான் மீண்டும் 299 நிமிடமும் குனிந்து நிமிர்ந்தால், தாளின்படி குணமடைந்தவள். கணவரிடம் "இனிமே ராத்திரி பாத்திரம் உங்களோடது" என்று சொன்னால் ஒரு டிக் கூடுகிறது. என் வாழ்க்கையில் மிகவும் ஆரோக்கியமான ஒரு வாக்கியத்தை நான் சொன்ன நாளில், அந்தத் தாள் என்னை இயலாதவள் பக்கம் ஓர் அடி தள்ளியிருக்கும். கேள்வித்தாளை உருவாக்கியவர்கள் தீய எண்ணத்தில் செய்ததில்லை. வழக்கம் என்பதை அவர்கள் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவே. எதைக் குணம் என்று அழைப்பது என்பது மருத்துவக் கேள்வி போலத் தெரியும் அறக்கேள்வி.

இன்னொரு கேள்வியையும் தவிர்க்க முடியாது. மதுரைக்குப் பேருந்தில் போய், எண்ணூறு ரூபாய் கொடுத்து, இதையெல்லாம் பேச எனக்கு முடிந்தது. என் பழைய மாணவி ஒருத்தி ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். அவளுக்கு இருபத்து நான்கு வயது, என்னைவிட மோசமான முதுகு. அவளுக்கு வேண்டியது உளவியலா, நாற்காலியா?

நாற்காலிதான், முதலில். அதைப் பெற்றுத்தந்தது எந்தச் சிகிச்சையும் இல்லை. கோழிக்கோட்டில் பி. விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் பெண்கள், கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்காரும் உரிமை வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்றது. நாள் முழுக்க நிற்கும் நிலை கூடாது, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார முடிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

"நாற்காலி போட்டுட்டாங்க டீச்சர்" என்றாள் அவள். "ஆனா உட்கார்ந்தா சூப்பர்வைசர் வந்து, என்னம்மா உடம்பு சரியில்லையான்னு கேட்பாரு. அப்புறம் யார் உட்காருவா?"

என் சமையலறையின் அதே கேள்வி. கேட்பவர் குரலில் அக்கறை இருந்தாலும் மிரட்டல் இருந்தாலும், உள்ளே இருக்கும் விதி ஒன்றுதான்: உடம்பு சரியில்லாதவள் மட்டுமே உட்காரலாம். சட்டம் நாற்காலியைத் தருகிறது. அந்த விதியைத் தகர்ப்பதில்லை. சிகிச்சை அந்த விதியை என் உள்ளே தகர்க்க உதவியது. அதனால் அவளுக்கு நாற்காலி வந்துவிடாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தனிமனித மனதைச் சரிசெய்தால் போதும் என்பவர்கள் கடையைப் பார்ப்பதில்லை. அமைப்பு மாறினால் எல்லாம் மாறும் என்பவர்கள், காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலியைப் பார்ப்பதில்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் சங்கடம் தந்த விஷயம். இருபது நிமிட அலாரம் அடித்து நான் உட்கார்ந்த ஐந்து நிமிடங்களில், அடுப்பில் இருந்ததை யார் இறக்கினார்கள்? எழுபத்து நான்கு வயது அத்தை. இரண்டாவது வாரத்தில்தான் அதைக் கவனித்தேன். துணி உலர்த்துவதை வேலைக்கு வரும் அக்காவிடம் தள்ளிவிட்டிருந்தேன். அவர் ஏற்கனவே ஐந்து வீடுகளில் குனிந்து தரை துடைப்பவர். "எனக்கும் இடுப்புதான் டீச்சரம்மா, எந்த வீட்ல சொல்றது?" என்று சிரித்தபடி ஒருநாள் சொன்னார். என் ஓய்வு இன்னொரு பெண்ணின் முதுகிலிருந்து எடுக்கப்பட்டதாக இருந்தால் அது உரிமை ஆகாது, வேலையைக் கைமாற்றிவிட்டதாகத்தான் ஆகும். உளவியலாளர் இதைச் சொல்லித்தரவில்லை; அவருடைய பாடத்தில் இது இல்லை. ஆனால் கடிகாரம் இல்லாமல் நான் இதைப் பார்த்திருக்க மாட்டேன்.

அதனால் வீட்டில் ஒரு தாளில் வேலைகளை எழுதி ஒட்டினேன். கணவருக்கு இரவுப் பாத்திரம், காலைக் காபி, ஞாயிறு துணி. வலி கேட்காமல், உதவி என்ற சொல் இல்லாமல். முதல் மாதம் மூன்று சண்டை. துடைக்கும் அக்காவுக்கு நீளக் கைப்பிடி மாப் வாங்கினோம். மாதத்தில் இரண்டு நாள் கூடுதல் விடுப்பு, சம்பளப் பிடித்தம் இல்லாமல். இது பெரிய நியாயம் ஒன்றும் இல்லை. அவருடைய மற்ற நான்கு வீடுகளில் எதுவும் மாறவில்லை.

வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. முன்பு ஏழும் எட்டுமாக இருந்தது, இப்போது பெரும்பாலும் மூன்று, நான்கு. சில இரவுகளில் பழைய எட்டு வருகிறது. ஜனவரியில் மலைக்கோட்டை ஏறினேன். வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன், மூன்றிலும் வலித்துத்தான் உட்கார்ந்தேன் என்று சொல்ல முடியாது. ஓரிடத்தில் காற்றுக்காக.

போன வாரம் சமையலறையில் மீண்டும் அலாரம் அடித்தது. உட்கார்ந்தேன். அத்தை திரும்பிப் பார்த்தார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல அத்தை. வலிக்கல. சும்மா உட்கார்ந்திருக்கேன்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கையில் வெண்டைக்காய் இருந்தது. "சும்மாவா?" என்றார், ஏதோ புதிய சொல்லைக் கேட்டதுபோல.

"ஆமா அத்தை. நீங்களும் வாங்க." இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கலையே" என்றார் அத்தை, நின்றபடியே.